ஊருக்குச் சலாஷ் என்று பெயர் வந்தது

பறவைகளும் மிருகங்களும் மனிதர்களோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தீசா என்ற பெரிய ஆற்றின் கரையில் ஓர் ஊர் இருந்தது. அதற்குப் பெயர் கிடையாது. ஊருக்குப் பெயர் வைக்கும் வழக்கமே அந்தப் பக்கத்தில் அப்போது இல்லை. குடியிருந்தவர்கள் அதை 'நம் ஊர்' என்றார்கள். அக்கரையில் இருந்தவர்கள் 'அந்த ஊர்' என்றார்கள். யாரும் அதிக தூரம் போய் வராததால் அதுவே போதுமாக இருந்தது.

ஊரைச் சுற்றி ஒரே சமவெளி. மலை கிடையாது, மேடு கிடையாது. கண்ணுக்கு எட்டிய வரை புல்தான். ஆற்றோரத்தில் மட்டும் ஆள் உயரத்துக்கு நாணல். ஊர்க்காரர்கள் ஸ்லாவியர்கள். நிலத்தை உழுது தினையும் கோதுமையும் விளைத்தார்கள். பன்றி வளர்த்தார்கள். நாணல் வேய்ந்த மண் வீடுகளில் இருந்தார்கள். ஊரைச் சுற்றிக் கூர் சீவிய மரங்களை நட்டு வேலி போட்டு, ஒரே ஒரு வாசல் வைத்திருந்தார்கள்.

கிழக்கே, புல்வெளியின் மறுபக்கத்தில், ஹங்கேரியர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு வயலும் இல்லை, வேலியும் இல்லை. குதிரைகளையும் ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு, வண்டியில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு, புல் இருக்கும் இடமாகப் பார்த்துப் போய்க்கொண்டே இருப்பார்கள். அவர்கள் பேசும் மொழி வேறு. இவர்களுக்கு அதில் ஒரு சொல்கூடப் புரியாது. இவர்கள் பேசுவதும் அவர்களுக்கு அப்படித்தான்.

மிருகங்கள் பேசின என்றேன் அல்லவா? அவையும் தங்களை வளர்த்தவர்களின் மொழியைத்தான் பேசின. ஸ்லாவியரின் நாய் ஸ்லாவிய மொழியில் திட்டும். ஹங்கேரியரின் குதிரை அவர்கள் மொழியில் புலம்பும். இரண்டு மொழியும் தெரிந்தவை செங்கால் நாரைகள் மட்டும்தான். வசந்தத்தில் வந்து இந்தப் பக்கமும் கூடு கட்டும், அந்தப் பக்கமும் இரை தேடும். இலையுதிர் காலம் தொடங்கும் முன்னே வெயில் இருக்கும் தேசத்துக்குப் போய்விடும்.

இந்த ஊரில் போயானா என்று ஒரு பெண் இருந்தாள். முப்பது வயதுக்குள்தான். கணவன் ரதிமிர் செத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. வேலி வாசலுக்குப் பக்கத்தில் அவள் வீடு. ஊரிலேயே உயரமான கூரை அவளுடையதுதான், ரதிமிர் ஆசைப்பட்டுக் கட்டியது.

ரதிமிர் செத்தது இப்படி. ஆறு வருஷத்துக்கு முன்னால், இலையுதிர் காலத்தின் கடைசியில், ஹங்கேரியக் குதிரைக்காரர்கள் இருபது பேர் ஊர் வாசலுக்கு வந்தார்கள். ஒரே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்தினார்கள். அது போர் முழக்கம் என்று ஊர் நினைத்தது. வேலிக்கு உள்ளிருந்து ஓர் அம்பு போனது. வெளியிலிருந்து பத்து அம்புகள் வந்தன. இந்தப் பக்கம் மூன்று பேர் விழுந்தார்கள். அதில் ஒருவன் ரதிமிர். குதிரைக்காரர்கள் அடிபட்ட தங்கள் ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்தச் சொல்லை ஊரில் யாரும் வாயால் சொல்வதில்லை. சொன்னால் மறுபடியும் சாவு வரும் என்று பயம். வசந்தத்தில் நாரைகள் திரும்பி வந்தபோதுகூட அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்றால் சொல்லிக் காட்ட வேண்டுமே.

ரதிமிர் செத்த ஆறாவது வருஷக் கோடையில் ஆலங்கட்டி மழை பெய்து ஒரு நாரையின் சிறகு முறிந்துபோனது. போயானாவின் கூரையில் கூடு வைத்திருந்த ஆண் நாரை அது. மற்ற நாரைகள் எல்லாம் கிளம்பிப் போனபோது அது மட்டும் தரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. போயானா அதைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டுக் கொட்டகையில், வைக்கோலுக்குப் பக்கத்தில் விட்டாள். சிறகில் நாணல் குச்சி வைத்துக் கட்டினாள். குளிர் வந்த பிறகும் தினமும் ஆற்றில் பனிக்கட்டியை உடைத்து மீன் பிடித்துக் கொடுத்தாள்.

"சின்ன மீனாக இருக்கிறது" என்று நாரை குறை சொல்லும்.

"பெரிய மீனை நான் சாப்பிட்டுவிட்டேன்" என்பாள் அவள்.

அந்த வீட்டில் பேச்சுக் குரல் கேட்டு வெகு காலம் ஆகியிருந்ததால், அது குறை சொல்வதுகூட அவளுக்குப் பிடித்திருந்தது.

குளிர்காலத்தின் நடுவில் ஒரு நாள் காலையில் வாசல் நாய் குரைத்தது. "யாரோ வருகிறார்கள், கிழக்கிலிருந்து வருகிறார்கள்" என்று அது கத்தியதைக் கேட்டு ஊரே வாசலில் கூடிவிட்டது. போயானாவும் கையில் மீன் வாளியோடு போனாள்.

வேலி இடுக்கு வழியாகப் பார்த்தால், ஒற்றைக் குதிரை. அதன் மேல் ஒரு பெண். ஆட்டுத்தோல் அங்கி போட்டிருந்தாள். அங்கிக்கு மேலேயே வயிறு தெரிந்தது, நிறைமாதம். உதடு நீலம் பாரித்திருந்தது. அவளோடு வேறு யாரும் இல்லை.

அவள் வேலியைப் பார்த்தாள். இடுக்குகளில் தெரிந்த கண்களைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, தெளிவாக, ஒரே ஒரு சொல்லைச் சொன்னாள்.

"சாலாஷ்."

வாசலில் நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். போயானாவின் வாளி கீழே விழுந்தது. ஆறு வருஷமாக யாரும் சொல்லாத சொல் அது.

ஊர்த் தலைவர் ஸ்தோயான் முன்னால் வந்தார். ரதிமிரின் அண்ணன் அவர். பெரிய உடம்பு, பெரிய குரல். ஆற்றுக்கு அக்கரையில் மேயும் மாடுகளை இக்கரையிலிருந்தே கூப்பிட்டுவிடுவார். அவர் வில்லில் அம்பைத் தொடுத்தார்.

"பின்னால் ஆட்கள் ஒளிந்திருப்பார்கள்" என்றார். "இவளை முன்னால் அனுப்பியிருக்கிறார்கள். யாரும் கதவைத் தொடக் கூடாது."

"சாலாஷ்" என்றாள் மறுபடியும் அந்தப் பெண். இந்த முறை குரல் உடைந்தது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "இதற்குப் போய் வில்லை எடுப்பார்களா?"

நாரைதான். கட்டுப்போட்ட சிறகோடு, பனியில் காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு நடந்து வந்தது.

"அவள் தங்க இடம் கேட்கிறாள்" என்றது. "சாலாஷ் என்றால் தங்குமிடம். குதிரையை விட்டு இறங்கி, நெருப்புக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ள ஓர் இடம். நாங்கள் பறந்து வந்து கூட்டில் இறங்குகிறோமே, அதற்கு அவர்கள் சொல்வதும் இந்தச் சொல்லின் வேரைத்தான். அவர்கள் மொழியில் இதைவிடச் சாதுவான சொல் கிடையாது."

ஸ்தோயானின் முகம் முதலில் சிவந்தது. பிறகு வெளுத்தது.

"பொய் சொல்கிறாய்" என்றார்.

"எனக்கு என்ன லாபம்?"

"நீ அவர்கள் பக்கமும் போய் இரை தின்கிறவன். அவர்களுக்குச் சாதகமாகப் பேசுகிறாய். இந்தச் சொல்லைக் கத்திக்கொண்டுதான் அன்றைக்கு வந்தார்கள். என் தம்பி செத்தான். அது தங்குமிடமாம்."

நாரைக்கு அந்தக் கதை தெரியாது. அது போயானாவைத் திரும்பிப் பார்த்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அதற்குப் புரிந்துவிட்டது. தலையைத் தாழ்த்திக்கொண்டது.

போயானா ஸ்தோயானிடம் போனாள். "மூத்தவரே, அன்றைக்கு நீங்கள் வேலியில் நின்றீர்கள். நான் வீட்டுக்குள் இருந்தேன். வேறு ஏதாவது சொன்னார்களா அவர்கள்?"

"இல்லை."

"இது ஒன்றைத்தான் சொன்னார்களா?"

"இது ஒன்றைத்தான்."

"வண்டி இருந்ததா?"

ஸ்தோயான் வில்லைத் தாழ்த்தினார். "இரண்டு வண்டி இருந்தது."

போயானா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். சண்டைக்கு வருகிறவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வரமாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வேலிக்கு வெளியே குதிரை மூச்சு விடும் சத்தம் கேட்டது. பனி விழத் தொடங்கியது.

போயானா வாசலுக்குப் போய், குறுக்கே கிடந்த மரத்தைத் தோளால் தூக்கிக் கீழே போட்டாள்.

"போயானா" என்றார் ஸ்தோயான்.

"என் வீட்டுக்குத்தானே கூட்டிப் போகிறேன், மூத்தவரே. ஏதாவது வந்தால் முதலில் எனக்கு வரட்டும்."

கதவைத் திறந்து, வெளியே போய், குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தாள். யாரும் தடுக்கவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் விராக். நெருப்புப் பக்கத்தில் உட்கார வைத்து, பால் காய்ச்சிக் கொடுத்த பிறகுதான் அவளுக்குப் பேச வந்தது. பேச வந்ததும் நிறுத்தாமல் பேசினாள். நாரை வாசற்படியில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னது.

"அவள் புருஷன் பெயர் ஃபர்காஷ். அவர்கள் பதினொரு பேர். மந்தையோடு தெற்கே போய்க்கொண்டிருந்தார்களாம். நேற்று வண்டிச் சக்கரம் முறிந்துவிட்டது. இவளுக்கு வலி வரும்போல இருந்ததால், களைத்துப் போகாத ஒரே குதிரையில் இவளை முன்னால் அனுப்பியிருக்கிறான். சக்கரத்தைச் சரிசெய்துவிட்டு இவள் குதிரைத் தடத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் வருவதாகப் பேச்சு."

போயானா வெளியே பார்த்தாள். பனி இப்போது கனமாக விழுந்துகொண்டிருந்தது. சற்று முன்பு அவளே நடந்து வந்த தடம்கூடத் தெரியவில்லை.

விராக்கும் அதைப் பார்த்தாள். ஏதோ சொன்னாள். சொல்லிவிட்டுக் கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"என்ன சொல்கிறாள்?"

"தடம் மறைந்துவிட்டால் நேராகத்தான் வருவார்கள் என்கிறாள். நேராக வந்தால் ஊருக்கு வராமல் ஆற்று வளைவில் இறங்கிவிடுவார்கள். ஆற்றின் மேல் பனிக்கட்டி மூடியிருக்கும், அதன் மேல் பனி விழுந்திருக்கும். புல்வெளி என்று நினைத்து அதன் மேல் வண்டியை ஓட்டிவிடுவார்கள்."

போயானாவுக்கு அந்த ஆறு தெரியும். காலையில்தான் அதை ஒரு கோடாரி வெட்டில் உடைத்து மீன் பிடித்திருந்தாள்.

அதற்குள் ஸ்தோயானின் மனைவி யாஸ்னா வந்துவிட்டாள். ஊரில் பிரசவம் பார்ப்பது அவள்தான். கணவர் போகாதே என்று சொல்லியும் வந்திருந்தாள். விராக்கின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சாயங்காலத்துக்குள் பிறந்துவிடும்" என்றாள். "இவளை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆற்றுப் பக்கம் வருகிறவர்களுக்கு ஏதாவது வழி பண்ணு."

"கூரை மேல் ஏறி நெருப்புக் காட்டலாமா?"

"இந்தப் பனியில் பத்தடி தாண்டித் தெரியாது" என்றது நாரை.

"பானையைத் தட்டலாம். கூச்சல் போடலாம்."

நாரை தலையை அசைத்து மறுத்தது. பிறகு சொன்னது: "நீங்கள் அவர்களுக்குப் பயப்படுகிறீர்கள். அவர்கள் உங்களுக்குப் பயப்படாமல் இருப்பார்கள் என்று நினைக்கிறாயா? தங்க இடம் கேட்டதற்கு அம்பு விட்ட ஊர் ஒன்று ஆற்றோரம் இருக்கிறது என்று அவர்களுக்குள்ளும் பேச்சு இருக்கும். ஸ்லாவியர் கூச்சல் கேட்டால் விலகித்தான் போவார்கள். ஆற்றுப் பக்கமாகவே விலகுவார்கள்."

"அப்படியானால் என்னதான் செய்வது?"

"அவர்கள் மொழியில் கூப்பிட வேண்டும்."

சொல்லிவிட்டு நாரை வெளியே நடந்தது. கூரையில் சாத்தியிருந்த ஏணியில், ஒற்றைச் சிறகை விரித்துச் சமாளித்துக்கொண்டு, படி படியாகத் தாவி ஏறியது. உச்சியில் அதன் பழைய கூடு பனி மூடிக் கிடந்தது. அதன் மேல் நின்று, கழுத்தை நீட்டி, கிழக்கே பார்த்துக் கூப்பிட்டது.

"சாலாஷ்."

ஊர் முழுக்கக் கேட்டது. வீடுகளுக்குள் இருந்தவர்கள் வேலையை நிறுத்தினார்கள். சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"சாலாஷ். சாலாஷ்."

நாரைக்கு அப்போது நல்ல குரல் இருந்தது. நீண்ட கழுத்து வழியாக வரும் கணீரென்ற குரல். காற்று மட்டும் எதிரே வீசாமல் இருந்திருந்தால் அது ஒன்றே போதும். ஆனால் கிழக்குக் காற்று அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பி ஊருக்குள்ளேயே கொண்டுவந்து போட்டது. நாரை இன்னும் பலமாகக் கத்தியது. நடுப்பகல் வரை கத்தியது. நடுப்பகலுக்குப் பிறகு குரல் கரகரத்தது. அப்புறம் நூல் போல மெலிந்தது. ஒரு நேரத்தில் அது வாயைத் திறந்தபோது சத்தமே வரவில்லை. மறுபடியும் திறந்தது. அலகு மட்டும் ஒன்றோடொன்று மோதி, டக் டக் என்று கேட்டது.

கீழே கொட்டகை வாசலில் நின்றிருந்த போயானா நிமிர்ந்து பார்த்தாள். நாரை கழுத்தைப் பின்னால் வளைத்து, தொண்டையை விரித்து, மறுபடி மறுபடி முயற்சி செய்துகொண்டிருந்தது. டக் டக் டக். அவ்வளவுதான்.

அவள் ஏணியில் ஏறினாள்.

உச்சிக்குப் போய், கூரைக் கழியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. ஆறு வருஷமாக அவள் தூக்கத்தில் கேட்டு எழுந்த சொல். ரதிமிரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது வேலிக்கு வெளியே கடைசியாகக் கேட்ட சொல். அவள் நாக்கு அதைத் தொட மறுத்தது.

கீழே வீட்டுக்குள் விராக் வலியில் கத்துவது கேட்டது.

"சலாஷ்" என்றாள் போயானா. முனகல் மாதிரிதான் வந்தது. நாரை சொன்னதுபோல நீட்டத் தெரியவில்லை. தன் மொழியில் வருகிற மாதிரிக் குறுகலாக வந்தது. இரண்டாவது முறை சற்று உரக்கச் சொன்னாள். மூன்றாவது முறை கத்தினாள். கத்தக் கத்த அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே கத்தினாள். "சலாஷ். சலாஷ்."

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கைவிரல்கள் மரத்துப் போயின. குரல் கம்மியது. ஏணி அசைவது தெரிந்து திரும்பிப் பார்த்தாள். ஸ்தோயான் ஏறி வந்துகொண்டிருந்தார்.

நிறுத்தச் சொல்லத்தான் வருகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் மேலே வந்து, அவளைப் பார்க்காமல், கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முதல் அம்பை விட்டது ரதிமிர்" என்றார்.

அவள் கூப்பிடுவதை நிறுத்தினாள்.

"அவன் தயங்கினான். 'ஏதோ கேட்கிறார்கள் போலிருக்கிறதே அண்ணா' என்றான். நான்தான் விடு என்றேன். இரண்டு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை விட்டான்." மூச்சை இழுத்துக்கொண்டார். "அந்த நாரை இன்றைக்கு அர்த்தம் சொன்னபோது அதை அங்கேயே கொன்றுவிடலாம் போல இருந்தது எனக்கு."

காற்று பனியை வாரி இருவர் முகத்திலும் அடித்தது. அவரைப் பிடித்துத் தள்ளிவிடலாம் என்று போயானாவுக்கு ஒரு கணம் தோன்றியது. அதை அவளே பிற்பாடு யாஸ்னாவிடம் சொன்னாள். ஆனால் அவள் செய்தது வேறு. கூரைக் கழியில் ஓரமாக நகர்ந்து, அவர் உட்கார இடம் விட்டாள்.

ஸ்தோயான் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் வாய்க்கு இரு பக்கமும் குவித்துக்கொண்டார். மாடுகளை அக்கரையிலிருந்து கூப்பிடும் அந்தக் குரலை எடுத்து, கிழக்கே பார்த்துக் கூப்பிட்டார்.

"சலா...ஷ்."

காற்றால் அந்தக் குரலைத் திருப்ப முடியவில்லை. தலைவரே கூப்பிடுகிறார் என்று தெரிந்ததும் ஊர் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். சிலர் வேலி மேல் ஏறினார்கள். சிலர் தங்கள் கூரைகளில் ஏறினார்கள். எல்லோரும் அந்தச் சொல்லைக் கூப்பிட்டார்கள். முதலில் கூச்சத்தோடும் பயத்தோடும்தான். பிறகு அது போயே போய்விட்டது.

வெளிச்சம் மங்கத் தொடங்கிய நேரத்தில் பனிக்குள்ளிருந்து ஒரு மெல்லிய பதில் வந்தது. அதே சொல்தான், நீட்டிச் சொல்லும் விதத்தில். "சாலாஷ்?"

"ஆற்றுப் பக்கமிருந்து வருகிறது" என்று யாரோ சொன்னார்கள்.

ஸ்தோயான் இன்னும் உரக்கக் கூப்பிட்டார். பதில் வந்த இடம் மெல்ல மெல்ல நகர்ந்தது. ஆற்றை விட்டு விலகி, வேலியை நோக்கி வந்தது. முதலில் ஒரு குதிரையின் தலை தெரிந்தது. அதன் கடிவாளத்தைப் பிடித்தபடி, முழங்காலளவு பனியில் கால் புதையப் புதைய ஓர் இளைஞன் வந்தான். அவன்தான் ஃபர்காஷ். அவன் பின்னால் ஒரு வண்டி, பெண்கள், போர்வைக்குள் குழந்தைகள், மந்தையில் பாதி. மீதி ஆடுகள் ஆற்றில் போய்விட்டன. வண்டியின் முன்சக்கரம் ஏற்கெனவே ஒரு முறை பனிக்கட்டியில் இறங்கி நனைந்திருந்தது. அந்த நேரத்தில்தான் குரலைக் கேட்டுத் திருப்பியிருக்கிறார்கள்.

ஃபர்காஷ் வாசலுக்குள் வந்த அதே நேரம் போயானாவின் வீட்டுக்குள்ளிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்டது. அவனுக்கு யாரும் எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ஓடினான்.

எல்லோரும் உள்ளே வந்த பிறகும் ஒருவர் மட்டும் வெளியிலேயே குதிரை மேல் உட்கார்ந்திருந்தார். கெவெ என்று பெயர், ஃபர்காஷின் சித்தப்பா. நரைத்த மீசை. அவருடைய வலது கை அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வேலியைப் பார்த்தார், வாசல் கதவைப் பார்த்தார், கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற ஸ்தோயானைப் பார்த்தார். இந்த வாசல் அவருக்குத் தெரிந்த வாசல்.

இடது கையால் மெதுவாக அங்கியை விலக்கினார். வலது தோளில், கைப்பிடி அளவுக்கு ஒரு வடு இருந்தது. அம்பு பாய்ந்து, எலும்பு முறிந்து, கோணலாகக் கூடிய வடு.

பேச ஆள் வேண்டும் என்று ஸ்தோயான் கூரையைப் பார்த்தார். நாரை அங்கேதான் நின்றது. அதுவும் ஏதோ சொல்லத்தான் பார்த்தது. டக் டக் என்ற சத்தம் மட்டும் கேட்டது.

கெவெ அங்கியை மூடிக்கொண்டார். ஆறு வருஷத்துக்கு முன்னால் கேட்டதையே, அப்போது கேட்ட அதே இடத்தில் நின்று கேட்டார்.

"சாலாஷ்?"

ஸ்தோயானுக்குக் கண்ணில் நீர் திரண்டது. கதவை விட்டுவிட்டு வெளியே நடந்தார். குதிரையின் பக்கத்தில் போய், ஒற்றைக் கை விளங்காத மனிதர் இறங்குவதற்கு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டுமே என்று, பனியில் ஒரு முழங்காலை ஊன்றி, மற்ற முழங்காலை மடித்துப் படியாக வைத்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

"சலாஷ்" என்றார். நாள் முழுக்கக் கத்திய தொண்டை. காற்று மாதிரிதான் வந்தது.

கெவெ அந்தக் குனிந்த தலையைப் பார்த்தார். பிறகு அந்த முழங்காலின் மேல் கால் வைத்து, அந்தத் தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு, கீழே இறங்கினார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர்கள் அங்கேயே இருந்தார்கள். சுலபமாக இருந்தது என்று சொல்ல முடியாது. தினை போதவில்லை. ஆடும் பன்றியும் ஒரே கொட்டகையில் இருந்து ஒன்றை ஒன்று திட்டிக்கொண்டன, மொழி தெரியாததால் சண்டை முற்றவில்லை. போயானா ஸ்தோயானோடு இரண்டு மாதம் பேசவில்லை. மன்னித்தாளா என்று யாராவது கேட்டால் பதில் சொல்லமாட்டாள். பனி உருகியதும் ஒரு நாள் அவளாகவே அவர் வீட்டுக்குப் போய், "வாருங்கள் மூத்தவரே" என்று மட்டும் சொல்லி, ரதிமிரைப் புதைத்த இடத்துக்குக் கூட்டிப் போனாள். "என்னிடம் சொன்னதை அவரிடமும் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அவர் அங்கே வெகு நேரம் இருந்தார்.

வசந்தத்தில் ஃபர்காஷின் ஆட்கள் மந்தையோடு கிளம்பினார்கள். போகும் வழியெல்லாம் மற்ற ஹங்கேரியர்கள் கேட்டார்கள், குளிருக்கு எங்கே இருந்தீர்கள் என்று. 'சாலாஷ்' என்றார்கள். எந்த இடம் என்று எல்லோருக்கும் புரிந்தது. இந்த ஊர் ஸ்லாவியர்களையும் சந்தையில் எந்த ஊர் என்று பிறர் கேட்டார்கள். 'நம் ஊர்' என்று சொல்லி வந்தவர்கள், முதன்முதலாக ஒரு பெயரைச் சொன்னார்கள். அவர்கள் நாக்குக்கு வந்தபடி, குறுக்கி, 'சலாஷ்' என்றார்கள். அடுத்த குளிர்காலத்தில் பனிப்புயல் வந்தபோது பக்கத்து ஊர்க்காரர்களும் கூரையில் ஏறி அந்தச் சொல்லைக் கூப்பிட்டார்கள். அதைக் கேட்டு வழி கண்டுபிடித்தவர்கள் அந்த ஊர்களையும் அதே பெயரால் அழைத்தார்கள்.

நாரைக்குச் சிறகு கூடியது, பறந்தது. குரல் மட்டும் திரும்பவில்லை. அந்த வருஷம் பொரித்த குஞ்சுகள் அப்பா போடும் டக் டக் சத்தத்தைக் கேட்டு, பேச்சு என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தன. அவற்றின் குஞ்சுகளும் அதையே கற்றுக்கொண்டன. செங்கால் நாரைகள் இன்றைக்கும் கழுத்தைப் பின்னால் வளைத்து அலகைத் தட்டுகின்றனவே தவிர, பேசுவதில்லை.

ஊர்ப் பெயரும் அப்படியே நின்றுவிட்டது. ஸ்லாவியர் தேசங்களில் அங்கங்கே சலாஷ் என்று ஊர்கள் இருக்கின்றன. தங்கள் மொழியில் தங்குமிடத்துக்கு எத்தனையோ சொல் இருந்தும், அந்த ஊர்க்காரர்கள் அந்நியரின் சொல்லைத் தங்கள் ஊருக்குப் பெயராக வைத்துக்கொண்டிருப்பது, போயானா கூரையில் ஏறிக் கூப்பிட்ட அந்த நாளிலிருந்துதான்.